மிஞ்சிய மீன் சோறும் பின்பக்கத்துப் பாம்பும்

வடசென்னையில் கொடுங்கையூர், மாதவரம், மணலி, புழல் பக்கம் தனி வீடு என்றால் பின்னால் நாலடிச் சந்தாவது இருக்கும். ஒரு முருங்கை மரம், துணி துவைக்கிற கல், சம்ப் மூடி, கழிவுநீர் வெளியே போகும் ஓட்டை, வீடு கட்டியபோது மிஞ்சிய செங்கல் அடுக்கு. அதன் ஓரமாக நாயின் அலுமினியத் தட்டு. காசிமேட்டிலிருந்து வந்த மீனின் தலையும் வாலும் போட்டு வேகவைத்த சோற்றில் நாய் முக்கால்வாசியைத் தின்றுவிட்டு நகர்ந்துவிடும். மிச்சம் விடியும்வரை அங்கேயே கிடக்கும்.

நாய்க்கும் பின்பக்கத்து உயிர்களுக்கும் நடக்கும் மோதல்களில் பெரும்பாலானவை அந்தத் தட்டில்தான் தொடங்குகின்றன. சோற்றுக்குப் பெருச்சாளி வரும். பெருச்சாளியையும் எலியையும் தேடிச் சாரையும் நல்ல பாம்பும் வரும். பாம்புக்குக் கீரி வரும். தண்ணீர்க் கிண்ணத்துக்குத் தேரை வரும். "அங்க ஏன்டா போற" என்று நாயை அதட்டிப் புண்ணியமில்லை. மோப்பம் பிடிப்பதும் துரத்துவதும் அதன் பிறவிக் குணம். நம் கையில் இருப்பது தட்டு, விளக்கு, ஓட்டை, நேரம் இவைதான்.

எனவே முதல் வேலை தட்டு. வளர்ந்த நாய்க்குக் காலை ஒரு வேளை, மாலை 5:30 மணிக்கு ஒரு வேளை போதும். வைத்த 20 நிமிடத்தில், தின்றாலும் தின்னாவிட்டாலும், தட்டை எடுத்துவிட வேண்டும். தட்டு இருந்த தரையிலும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்க்க வேண்டும். சிந்திய பருக்கையும் மீன் முள்ளும் போதும், பெருச்சாளிக்கு அது ஒரு விருந்து. நாய் மிச்சம் வைக்கிறது என்றால் அளவு கூடுதல் என்று பொருள், அடுத்த நாள் ஒரு கைப்பிடி குறைத்துவிடலாம். உலர் தீனி மூட்டையை இறுக்கமான மூடி உள்ள பிளாஸ்டிக் டிரம்மில் கொட்டி வையுங்கள். சாக்கை மடித்துக் கிளிப் போட்டால் எலிக்கு அது ஒரு தடையே இல்லை.

பெருச்சாளி வளை

பெருச்சாளி குடிவந்திருக்கிறதா என்பதை மண்ணே சொல்லிவிடும். மதிலின் அஸ்திவாரத்தை ஒட்டி இரவோடு இரவாகப் புது மண் குவிந்திருக்கும். பக்கத்தில் கை முஷ்டி நுழையும் அளவுக்கு வளை. நன்றாக வளர்ந்த பெருச்சாளி ஒரு கிலோவைத் தொடும். சுண்டெலி போல ஓடி ஒளியாது. மூலையில் மாட்டிக்கொண்டால் முதுகு முடியைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும், பாய்ந்து கடிக்கும். கடி பெரும்பாலும் நாயின் மேலுதட்டிலோ மூக்கோரத்திலோ விழும். வெளியே சின்னப் புள்ளியாகத் தெரியும், உள்ளே ஆழமாக இருக்கும். குழாயைத் திறந்துவிட்டுச் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பிறகு டீத்தண்ணீர் நிறத்துக்குக் கலக்கிய போவிடோன் அயோடினால் துடையுங்கள். மஞ்சள் பூசி மூடவோ கட்டுப் போடவோ வேண்டாம். மேலே ஆறி உள்ளே சீழ் கட்டுவது அப்படித்தான். அன்றைக்கே டாக்டரிடம் காட்டினால் ஆன்டிபயாட்டிக்கோடு முடியும், நான்கு நாள் கழித்துப் போனால் கீறிச் சீழ் எடுக்க வேண்டி வரும்.

டாஷண்ட் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வளைக்குள் புகுந்து விலங்கைப் பிடிக்கவென்றே ஜெர்மனியில் உருவாக்கிய இனம் அது. மற்ற நாய் வளை வாயில் நின்று குரைக்கும், இது உள்ளேயே இறங்கப் பார்க்கும்.

வளையை அடைக்கும் விதத்தில்தான் நம் பக்கம் பெரிய தவறு நடக்கிறது. பாட்டிலை உடைத்துச் சில்லைக் கொட்டி மேலே மண் தள்ளுவார்கள். பெருச்சாளி பக்கவாட்டில் வேறு வழி தோண்டிக்கொள்ளும். அந்த மண்ணைப் பிறாண்டி உள்ளங்காலைக் கிழித்துக்கொள்வது நாய்தான். சரியான முறைக்கு இரண்டு மூன்று நாள் பிடிக்கும். முதல் நாள் மாலை எல்லா வளைகளிலும் செய்தித்தாளைக் கசக்கித் திணியுங்கள். காலையில் எந்தத் தாள் வெளியே தள்ளப்பட்டிருக்கிறதோ அதுதான் புழங்கும் வளை. அதன் எதிரே பெரிய இரும்புக் கூண்டு வையுங்கள். கருவாடோ மசால் வடையோ இரை. கருவாட்டு வாசனைக்கு நாயும் வந்து கூண்டுக்குள் மூக்கை விடும் என்பதால் அந்த இரவுகளில் நாய் வீட்டுக்குள் இருக்கட்டும். இரண்டு நாள் தாள் அசையாமல் இருந்தால் ஜல்லியும் சிமென்டும் கலந்து ஒரு அடி ஆழத்துக்குத் திணித்துப் பூசுங்கள். உள்ளே விலங்கு இருக்கும்போது பூசினால் அது அடுத்த வாரம் சமையலறைத் தரையைப் பெயர்த்துக்கொண்டு வரும்.

கழிவுநீர் ஓட்டைக்கு இரும்பு வலை. கண்ணின் அளவு கால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. அரை அங்குல இடுக்கில் எலி புகுந்துவிடும். சின்னப் பாம்புக்கு அதைவிடக் குறைவே போதும். கேட்டுக்கு அடியில் உள்ள இடைவெளிக்கு ரப்பர் பட்டை.

நாய் எலியைக் கொன்றுவிட்டால் கவலை கடியோடு முடிவதில்லை. எலி, பெருச்சாளியின் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். ஈரமான மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் அது வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும், காய்ந்த தரையில் செத்துவிடும். தொற்றிய நாய்க்கு ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சல், வாந்தி, தசை வலியால் நடக்கவே தயக்கம், பிறகு ஈறும் கண்ணும் மஞ்சள், சிறுநீர் காப்பி நிறம் என்று வரும். சிறுநீரகமும் கல்லீரலும் ஒன்றாக அடிபடும். அந்த நாயின் சிறுநீர் வழியாக வீட்டு ஆட்களுக்கும் பரவும். தடுப்பூசி அட்டையை எடுத்து ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். மற்ற நோய்களின் எழுத்துகளோடு கடைசியில் 'எல்' இருந்தால்தான் எலிக்காய்ச்சலுக்கும் சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். முதல் தடவை 3 அல்லது 4 வார இடைவெளியில் இரண்டு டோஸ், பிறகு வருடம் ஒருமுறை. அந்தக் கிருமியில் வகைகள் பல, ஊசி எல்லாவற்றையும் தடுக்காது. அதனால் ஊசி போட்டிருந்தாலும் மழைக்குப் பின் தேங்கிய தண்ணீரை நக்க விடாதீர்கள். செத்த எலியை வெறுங்கையால் தொட வேண்டாம். பிளாஸ்டிக் பையைக் கையுறையாக மாட்டி எடுத்து, இன்னொரு பைக்குள் கட்டிவிடுங்கள். அந்த இடத்தில் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஊற்றி, காய்ந்த பிறகு நாயை விடலாம்.

எலி மருந்து இதைவிட மோசம். கடையில் கேக் போல விற்கும் புரோமடியோலோன் வகை, ரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்லும். தின்ற அன்று நாய் குதித்து விளையாடும், அதனால் வீட்டார் ஏமாந்துவிடுவார்கள். 3 முதல் 5 நாள் கழித்துச் சோர்வு, வெளுத்த ஈறு, மூக்கில் ரத்தம், மூச்சு வாங்குதல் வரும். தின்ற இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் வாந்தி எடுக்க வைத்தால் பெரும்பகுதி வெளியேறும். தாமதமானால் வைட்டமின் கே1 வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். கறுப்புச் சாம்பல் நிறப் பொடியான ஜிங்க் பாஸ்பைடு வேறு மாதிரி. வயிற்று அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயுவாக மாறும். இதற்குப் பாலோ சோறோ கொடுப்பது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவது போல, அமிலம் இன்னும் சுரக்கும். வாந்தியிலிருந்து பூண்டு வாடை வந்தால், டாக்டரிடம் கொண்டுபோகும் ஆட்டோவின் இரு பக்கமும் திறந்திருக்கட்டும். அந்த வாயு நமக்கும் ஆகாது. எந்த விஷமானாலும் உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்பே தனி விஷமாகிவிடும். மருந்தின் அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள்.

நாம் மருந்து வைக்காவிட்டாலும் பக்கத்து வீட்டு மருந்தைத் தின்ற எலி நம் பக்கம் வந்துதான் தள்ளாடும். தள்ளாடும் எலி நாய்க்குச் சுலபமான இரை. "அக்கா, எலி மருந்து வெச்சா ஒரு வார்த்தை சொல்லுங்க, நாயைக் கட்டி வெச்சுக்கிறோம்" என்று முன்கூட்டியே கேட்டு வைப்பது நல்லது. கேட்டால் சொல்லாதவர்கள் குறைவு. எலி பிடிக்கும் பசை அட்டையில் நாயின் காலோ முகமோ ஒட்டிக்கொண்டால் சமையல் எண்ணெயை ஊற்றி விரலால் மெல்லத் தேய்த்தால் கழன்றுவிடும், பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தால் கழுவலாம். மண்ணெண்ணெய், பெட்ரோல், தின்னர் மூன்றும் தோலைச் சுட்டுவிடும்.

தேரை உட்கார்ந்த தண்ணீர்க் கிண்ணம்

தவளைக்கும் தேரைக்கும் வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். தவளை வழவழப்பாக இருக்கும், நீளமாகத் தாவும். தேரை சொரசொரப்பாக, மரு மருவாக, சோம்பலாக நகரும். அதன் கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் மொச்சைக்கொட்டை போலப் புடைத்திருக்கும் சுரப்பியில்தான் விஷம். நாய் கவ்வி அழுத்தியதும் பால் போன்ற பிசுபிசுப்பு வாய்க்குள் பரவும். அந்த நொடியே நாய் தேரையைத் துப்பிவிட்டுத் தலையை உதறும். முன்னங்காலால் வாயைத் தேய்க்கும். நூல் நூலாக எச்சில் வடிந்து, அரை நிமிடத்தில் சோப்பு நுரை போலத் திரளும். ஈறு செங்கல் நிறத்துக்குச் சிவக்கும்.

இங்கேதான் எல்லோரும் ஒரே தவறைச் செய்வார்கள். பதறிப்போய் ஒரு சொம்புத் தண்ணீரை நாயின் தொண்டைக்குள் ஊற்றுவார்கள். விஷம் முழுதும் வயிற்றுக்குப் போய்ச் சேரும், தண்ணீர் நுரையீரலுக்குள் இறங்கினால் அது வேறு ஆபத்து. நாயின் மூக்கு தரையைப் பார்க்கும்படி தலையைத் தாழ்த்திப் பிடியுங்கள். ஈரத்துணியை விரலில் சுற்றி ஈறு, நாக்கு, மேல்வாய் மூன்றையும் பின்னாலிருந்து முன்னால் வழித்துத் துடையுங்கள். ஒவ்வொரு முறையும் துணியை அலசிப் பிழிந்துகொள்ள வேண்டும். டியூப் இருந்தால் மெல்லிய ஓட்டத்தில், கடைவாய் ஓரமாக விட்டு மறுபக்கம் வழியாக வெளியேற விடலாம். 10 நிமிடம் இதைச் செய்தால் பெரும்பாலும் அத்தோடு அடங்கிவிடும். அதற்குப் பிறகும் தள்ளாட்டம், தொடர்ந்த வாந்தி, வலிப்பு, தாறுமாறான நெஞ்சுத் துடிப்பு இருந்தால் தாமதிக்காதீர்கள். தேரை விஷம் இதயத்தைத் தாக்கக்கூடியது. பக், ஷிட்ஸு போன்ற சின்ன உடம்புக்காரர்களுக்குக் குறைந்த அளவே கூடுதலாகிவிடும்.

தேரை ஏன் அங்கே வருகிறது? பின்பக்கம் எரியும் வெள்ளை பல்பு. வெளிச்சத்துக்குப் பூச்சி, பூச்சிக்குத் தேரை. மழைக்காலத்தில் மாலை 6:30க்கு மேல் அந்த விளக்கை அணைத்து வையுங்கள், தேவைப்படும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம். பூச்சியை அதிகம் இழுக்காத மஞ்சள் எல்இடியும் கிடைக்கிறது. தண்ணீர்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தால் தேரை இரவில் அதற்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஒரு அடி உயரத் திண்ணையிலோ முக்காலியிலோ வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. காலையில் பழைய தண்ணீரைக் கொட்டிக் கழுவாமல் புதுத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

பல்லியைப் பற்றியும் சொல்லிவிடலாம். பல்லி விஷம் என்று நம் வீடுகளில் பயப்படுவது வழக்கம், அது விஷமில்லை. ஓணானும் இல்லை. தின்ற நாய் ஒருமுறை வாந்தி எடுத்தால் அது வயிற்றுக் கோளாறுதான். மூஞ்சூறைக் கவ்விய நாய் நாற்றம் தாங்காமல் தானே துப்பிவிடும்.

பாம்பு

நாய்க்கு ஆபத்தான பாம்புகள் என்று நான்கைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன். ரெட்டேரி, புழல், மணலி நீர்நிலைகளை ஒட்டிய வீடுகளில் அதிகம் தென்படும் தண்ணீர்ப் பாம்பு கோபக்காரப் பாம்பு, நன்றாகக் கடிக்கும், ஆனால் விஷமில்லை. சாரையும் அப்படியே. எலியைத் தின்று நமக்கு வேலை மிச்சம் செய்யும் சாரையை நல்ல பாம்பு என்று அடித்துக் கொல்வது பெரிய அநியாயம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பாம்புக்கும் கீரிக்கும் மரநாய்க்கும் பொருந்தும்.

நாயின் குரைப்பில் வித்தியாசம் உண்டு. பூனையைத் துரத்தும்போது ஓடி ஓடிக் குரைக்கும். பாம்பைக் கண்டால் ஒரே இடத்தில் நின்று, முதுகு முடி நட்டுக்கொண்டு, ஒரே மூலையைப் பார்த்து, முன்னே ஒரு அடி, பின்னே ஒரு அடி வைத்து விடாமல் குரைக்கும். அந்தக் குரலைக் கேட்டால் செருப்பு மாட்டி, டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். நாய்க்கும் பாம்புக்கும் நடுவே கையை நீட்டிக் கழுத்துப் பட்டையைப் பிடிக்க முயல வேண்டாம். பின்னாலிருந்து கயிற்றைச் சுருக்காக்கிக் கழுத்தில் போட்டு இழுக்கலாம். கிட்டே போக முடியாவிட்டால் ஒரு வாளித் தண்ணீரை நாயின் மேல் வீசி அடியுங்கள். திகைத்துத் திரும்பும் நொடியில் பெயரைச் சொல்லி உள்ளே ஓடுங்கள், அதுவும் ஓடி வரும். கதவைச் சாத்திவிட்டு 10 அடி தள்ளி நின்று பாம்பின் மேல் ஒரு கண் வைத்தபடி 101க்குச் சொன்னால் தீயணைப்புத் துறையினர் வந்து பிடிப்பார்கள். போகிற பாம்புக்கு வழி விட்டால் அது போய்விடும்.

கடி பட்டதா என்பது எப்போதும் தெரிவதில்லை. முடிக்குள் பல் தடம் மறைந்துவிடும். நாய்க்குக் கடி விழுவது பெரும்பாலும் முகத்திலும் முன்னங்காலிலும். கண்ணாடி விரியன் என்றால் வேகமாக வீங்கும், வலியில் கத்தும், கடிவாயில் ரத்தம் நிற்காமல் கசியும், பிறகு ஈறிலும் சிறுநீரிலும் ரத்தம். நல்ல பாம்பு என்றால் வீக்கத்தோடு இமை தொங்கும், எச்சில் வடியும், பின்னங்கால் தளரும், கடைசியில் மூச்சுத் தசையே நின்றுபோகும். கட்டு விரியன் இரவில் கடிக்கும், வீக்கமும் இருக்காது, வலியும் இருக்காது. காலையில் நாய் எழுந்திருக்க முடியாமல் கிடக்கும்போதுதான் தெரியும்.

செய்ய வேண்டியவை கொஞ்சம்தான். நாயை நடக்க விடக் கூடாது, நடந்தால் விஷம் வேகமாகப் பரவும். கழுத்துப் பட்டையைக் கழற்றுங்கள், முகத்தில் கடித்திருந்தால் கழுத்து வரை வீங்கிப் பட்டையே இறுக்கிவிடும். பழைய பெட்ஷீட்டில் படுக்க வைத்து இரண்டு பேர் இரு முனையையும் பிடித்துத் தூக்குங்கள். கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். வாயில் எதையும் ஊற்றவும் கூடாது. விழுங்கும் தசை தளர்ந்த நாய்க்குத் தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போகும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டிய அவசியமே இல்லை. இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து அந்த நான்கு பாம்புக்கும் சேர்த்துத் தயாரானது. மனிதருக்கும் நாய்க்கும் ஒரே குப்பிதான். அதற்கான விஷம், 1978ல் தொடங்கி வடநெம்மேலியில் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் எடுக்கப்படுகிறது.

மருந்தின் அளவு நாயின் எடையைப் பொறுத்ததில்லை. பாம்பு செலுத்தியது ஒரே அளவு விஷம்தான், அதை முறிக்கத்தான் மருந்து. 5 கிலோ நாய்க்கும் 30 கிலோ நாய்க்கும் ஒரே எண்ணிக்கையில் குப்பி தேவைப்படலாம். ஒரு குப்பியோடு முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். விரியன் கடி என்று சந்தேகம் இருந்தால் டாக்டர் கொஞ்சம் ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்ப்பார். உறையாமல் ஓடினால் விஷம் வேலை செய்கிறது. சாரைதான் கடித்தது என்று எதிர்வீட்டு அண்ணன் அடித்துச் சொன்னாலும் சில மணி நேரமாவது மருத்துவமனையில் கண்காணிப்பில் வைத்திருப்பதே சரி.

வடசென்னைக்காரர்கள் இதில் முன்கூட்டியே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. 1903ல் தொடங்கிய வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நமக்கெல்லாம் கடைசி நம்பிக்கை. ஆனால் எண்ணூரிலோ மணலியிலோ கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில் கிளம்பினால் வேப்பேரி போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல்கூட ஆகும். நல்ல பாம்பு கடித்த நாய்க்கு அவ்வளவு நேரம் இருக்காது. இன்றைக்கே வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத் தூரத்தில் உள்ள இரண்டு கிளினிக்குகளுக்குப் போன் செய்து மூன்று கேள்வி கேளுங்கள். பாம்பு விஷமுறிவு மருந்து கையிருப்பில் இருக்கிறதா? எத்தனை குப்பி? இரவு எத்தனை மணி வரை டாக்டர் இருப்பார்? பதிலைத் தேதியோடு எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். ஒவ்வொரு வருடமும் ஐப்பசிக்கு முன்னால் மறுபடி கேளுங்கள், மருந்துக்குக் காலாவதித் தேதி உண்டு. ராத்திரியில் நாயை ஏற்றிக்கொள்ளும் ஆட்டோக்காரர் ஒருவருடைய எண்ணும் அதிலேயே இருக்கட்டும்.

பாம்பு வராமல் இருக்கச் சிறியாநங்கை நடுவது, பூண்டு நசுக்கிப் போடுவது, பினாயில் ஊற்றுவது எல்லாம் மன ஆறுதல். பினாயில் தரையில் நடந்த நாய் காலை நக்கி வயிறு வெந்து போவதுதான் மிச்சம். செங்கல், ஓடு, உடைந்த தொட்டி, தென்னை மட்டை எதுவும் தரையோடு அடுக்கி இருக்கக் கூடாது. போட இடமில்லை என்றால் இரும்புச் சட்டத்தின் மேல் ஒரு அடி உயரத்தில் அடுக்குங்கள், அடியில் வெளிச்சம் தெரிய வேண்டும். அடுக்கைக் கலைக்கும் நாளில் நாயை உள்ளே போட்டுப் பூட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

கொட்டுகிறவை, ஒட்டுகிறவை

மழை விட்டதும் முருங்கை மரத்தில் கம்பளிப்பூச்சி அப்பிக் கிடக்கும். கீழே விழுந்ததை நாய் முகர்ந்தால் மூக்கிலும் உதட்டிலும் முள் ரோமம் ஏறிக்கொள்ளும். தேய்த்தால் முடி உடைந்து உள்ளே போகும். செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுங்கள், ஐந்தாறு துண்டு ஆகும், பிறகு கழுவுங்கள். நாக்கில் ஏறி வீங்கியிருந்தால் டாக்டர்தான் பார்க்க வேண்டும். தேனீ கொட்டினால் கொடுக்கைப் பழைய ஏடிஎம் கார்டின் விளிம்பால் சுரண்டி எடுத்துவிட்டு, துணியில் சுற்றிய ஐஸை 10 நிமிடம் வையுங்கள். குளவி கொடுக்கை விட்டுப் போகாது, ஆனால் பல முறை கொட்டும். பூரான் கடி வலிக்கும், அடங்கிவிடும். செந்தேள் அப்படியில்லை. எச்சில், நடுக்கம், மூச்சிரைப்பு என்று இதயத்தைத் தொடும், வீட்டில் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

எது கொட்டினாலும் அடுத்த அரை மணி நேரம் ஈறைப் பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தி விட்டால் வெளுத்த இடம் 2 நொடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். சிவக்காவிட்டாலோ, உடம்பெல்லாம் தடிப்பு, வாந்தி, சரிந்து படுப்பது என்று வந்தாலோ அது ஒவ்வாமை அதிர்ச்சி. ஈறு கறுப்பாக உள்ள நாட்டு நாய்க்குக் கீழ் இமையை இழுத்து உள்சதையின் நிறத்தைப் பார்க்கலாம். நாயின் ஆரோக்கியமான நிறம் எது என்பதைச் சும்மா இருக்கும் நாளிலேயே பார்த்து மனதில் வைத்திருங்கள். வலிக்கு என்று நம் வீட்டுப் பாராசிட்டமாலோ இபுபுரூபனோ கொடுத்துவிடாதீர்கள்.

உண்ணிக்கு மண்ணெண்ணெயும் தீக்குச்சியும் வேண்டாம். முனை மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் போதும். உண்ணி மதில் விரிசலில்தான் முட்டையிடுகிறது, விரிசலைப் பூசாமல் நாய்க்கு மட்டும் மருந்து போட்டுக்கொண்டிருந்தால் தீராது.

காகம், அணில், கீரி

கோடையில் காகம் கூடு கட்டியிருக்கும் வேப்ப மரத்தடியில் நாய் போனால் மண்டையிலேயே கொத்தும். பறக்கப் பழகும் குஞ்சு கீழே விழுந்திருந்தால் இன்னும் மூர்க்கம். குஞ்சை எடுத்து நிழலான கிளையில் வையுங்கள், மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையில்லை. ஒன்றிரண்டு வாரம் நாய்க்கு வேறு வழி, அல்லது குடை.

அணிலால் நாய்க்குக் கெடுதல் இல்லை, மதிலால் உண்டு. அணிலைத் துரத்திக் கண்ணாடிச் சில்லு பதித்த மதிலில் முன்னங்காலைப் போடும் நாய் உள்ளங்காலை இரண்டாகக் கிழித்துக்கொள்ளும். சுவரோரம் இருக்கும் தொட்டி, ஸ்டூல், துவைக்கும் கல் எல்லாம் அதற்கு ஏணி. நகர்த்த முடிந்ததை மூன்றடி தள்ளி வையுங்கள்.

கீரி நாயைப் பார்த்தால் விலகிப்போகவே விரும்பும். குட்டி இருக்கும் நாட்களில் மட்டும் எதிர்த்து நிற்கும், கடித்தால் மூக்கைத்தான் கடிக்கும். கீரிக்கும் வெறிநோய் வரும் என்பதால் இந்தக் கடியைச் சாதாரணக் காயமாக நினைக்காதீர்கள். சோப்பு, ஓடும் தண்ணீர், 15 நிமிடம், அன்றே டாக்டர். தவறாமல் வருடா வருடம் ஊசி போட்ட நாய்க்கும் கடிக்குப் பிறகு மறுபடி போட வேண்டியிருக்கும். கழுவும்போது கையுறை போடுங்கள். ஓட்டு வீட்டுப் பரணில் தங்கும் மரநாய்க்கும் இதே விதி. அதோடு டிஸ்டெம்பர், பார்வோ போன்ற நோய்கள் நாய்க்கும் மரநாய்க்கும் பொதுவானவை, ஊசி போடாத குட்டியை அதன் எச்சம் கிடக்கும் இடத்தில் விடாதீர்கள்.

"விடு"

ஒரே ஒரு சொல்லை நாய்க்குப் பழக்க நேரம் இருக்கிறது என்றால் அது "விடு". மூடிய கைக்குள் பிஸ்கெட் வைத்து நீட்டுங்கள். நாய் நக்கும், பிறாண்டும். பொறுங்கள். மூக்கை எடுக்கும் அந்த நொடியில் "விடு" என்று சொல்லி மற்றக் கையிலிருந்து வேகவைத்த கோழித் துண்டைக் கொடுங்கள். மூடிய கையில் இருப்பதை ஒருபோதும் கொடுக்காதீர்கள். ஒரு வேளைக்கு 10 முறை, காலையும் மாலையும் 5 நிமிடம். நான்கைந்து நாளில் பிஸ்கெட் தரைக்கு வரும், செருப்புக் காலால் மூடிக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் கயிற்றில் பிடித்தபடி அதைக் கடந்து நடப்பது. மூன்றாம் வாரம் பின்பக்கத்தில், நூலில் கட்டிய துணிப் பொம்மையை ஒருவர் இழுக்க, மற்றவர் "விடு" சொல்வது. நடுவில் ஒருமுறை கத்தினாலும் அடித்தாலும் அந்தச் சொல் கெட்டுப்போகும், வேறு சொல்லில் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

வாயில் ஏற்கனவே எதையாவது கவ்விவிட்ட நாயைத் துரத்தாதீர்கள். துரத்தினால் விழுங்கிவிடும். குனிந்து, அதன் முன்னால் நாலைந்து கோழித் துண்டுகளைத் தரையில் சிதற விடுங்கள். அவற்றைப் பொறுக்க வாய் தானாகத் திறக்கும்.

புழல் ஏரியின் உபரிநீரைத் திறக்கும் வாரத்தில் இதெல்லாம் ஒரே நேரத்தில் வரும். கால்வாய் போகும் வடபெரும்பாக்கம், மஞ்சம்பாக்கம், கொசப்பூர், மணலி, சடையான்குப்பம் பக்கம் தண்ணீரோடு பாம்பும் எலியும் தேரையும் மேட்டைத் தேடி ஏறும், நம் வாசற்படிதான் அவற்றுக்கு மேடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தின்போது எண்ணூர் பக்கத்தில் தண்ணீரோடு எண்ணெயும் வந்தது. அப்படி எண்ணெய் படிந்த நாயை நக்க விடாமல் முதலில் பழைய துணியால் ஒற்றி எடுத்து, பிறகு பாத்திரம் கழுவும் திரவத்தாலும் வெதுவெதுப்பான தண்ணீராலும் கழுவ வேண்டும். மண்ணெண்ணெயால் துடைக்கவே கூடாது. அந்த நாட்களில் நாயைத் தனியே பின்பக்கம் அனுப்ப வேண்டாம். கம்பூட் மாட்டி, நீங்கள் முன்னால் போய்க் கம்பால் தரையைத் தட்டி, டார்ச்சை மதில் அடியிலும் படியின் இடுக்கிலும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நாய் நான்கடிக் கயிற்றில், உங்களுக்குப் பின்னால். ஒன்றுக்குப் போனதும் திரும்பிவிடலாம். உள்ளே வந்தவுடன் நான்கு காலையும் கழுவித் துடைத்து, விரல் இடுக்கையும் வாயையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் படுக்க விடுங்கள்.